விளையாட்டு நாய்க்குப் பிடி விடக் கற்பித்தல்

பிடி விடுதல் என்பது, கவ்வப் பயிற்றுவிக்கப்பட்ட நாய் தன் வாயில் இருப்பதைக் கையாளுநரின் ஒரே சொல்லில் விட்டுவிடும் பழக்கமாகும். பாதுகாப்புப் பயிற்சி சார்ந்த நாய் விளையாட்டுகளில் இதற்குப் பெரும்பாலும் ‘அவுஸ்’ என்ற ஜெர்மன் சொல்லையோ ‘அவுட்’ என்ற ஆங்கிலச் சொல்லையோ பயன்படுத்துவர். நாயைக் கவ்வ வைப்பது எளிது. அதற்கான உந்துதல் பிறவியிலேயே உண்டு. உடும்புப்பிடியாகக் கவ்வியதை, உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போதே தானாக விடச் செய்வதுதான் கடினம்.

போட்டியில் இதன் இடம்

ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்துக்கான சங்கம் 1899-இல் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் தலைமையில் ஜெர்மனியில் தொடங்கப்பட்டது. அழகை மட்டும் பார்த்து வளர்த்தால் இனத்தின் உழைக்கும் குணம் அழிந்துவிடும் என்ற கவலையிலிருந்து பிறந்ததே ‘ஷூட்ஸ்ஹுண்ட்’ தேர்வு. பாதுகாப்பு நாய் என்பது இச்சொல்லின் பொருள். இத்தேர்வின் வழிவந்த பன்னாட்டுப் போட்டி 2019 முதல் ஐ.ஜி.பி. என்று அழைக்கப்படுகிறது. மோப்பம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என அதில் மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 பெற வேண்டும்.

பாதுகாப்புப் பகுதியில், சணல் உறை போர்த்திய கைக்கவசம் அணிந்த உதவியாளர் ஒருவர் தப்பி ஓடுபவராகவும் தாக்குபவராகவும் நடிப்பார். நாய் அந்தக் கவசத்தைக் கவ்வி அவரை நிறுத்த வேண்டும். அவர் போராட்டத்தை நிறுத்தி அசையாமல் நின்றதும், சிறிது நேரத்துக்குள் நாய் விட வேண்டும். கையாளுநர் தாமாக ஒருமுறை கட்டளையிடலாம். நாய் விடாவிட்டால், நடுவரின் அனுமதியுடன் மேலும் இருமுறை கட்டளையிடலாம். மூன்றாவது கட்டளைக்கும் விடாத நாய் தகுதிநீக்கம் செய்யப்படும். அப்போது, மோப்பத்தில் முழுப் புள்ளி பெற்றிருந்தாலும் அதுவும் போய்விடும். இந்த விதியின் கடுமைக்குக் காரணம் உண்டு: கவ்வத் தெரிந்து விடத் தெரியாத நாய், களத்துக்கு வெளியே ஆபத்தானது.

நாய் ஏன் விடுவதில்லை

ஓடுவதைத் துரத்திப் பிடிப்பது நாயின் வேட்டைக் குணம். வாயில் இருப்பது துடித்தால் இரை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அது இன்னும் இறுக்கும். “விடு, விடு” என்று கத்தியபடியே துணியை இழுப்பவர், வாயால் ஒன்றும் கையால் மற்றொன்றும் சொல்கிறார். நாய் கையின் சொல்லைத்தான் கேட்கும். தவிர, விட்டவுடன் பொருளைப் பறித்து உள்ளே வைத்துவிடும் வீட்டில், ‘விடு’ என்ற சொல்லுக்கு ‘விளையாட்டு முடிந்தது’ என்பதே பொருளாகிறது. அந்தச் சொல்லைக் கேட்டு நாய் இன்னும் இறுக்கினால் அதை முரட்டு நாய் என்று சொல்லிப் பயனில்லை. அது தனக்குக் கற்பிக்கப்பட்டதைச் சரியாகவே கற்றிருக்கிறது.

கற்பிக்கும் முறை

அமெரிக்க உளவியலாளர் டேவிட் ப்ரீமாக் 1959-இல் விளக்கிய ஒரு கொள்கை இங்கே அடிப்படை. ஓர் உயிர் மிகவும் விரும்பிச் செய்யும் செயலையே, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாகக் கொடுக்கலாம். கவ்விய நாய்க்கு மறுபடி கவ்வுவதைவிடப் பெரிய பரிசு இல்லை. எனவே விடுவதுதான் மறுபடி கவ்வுவதற்கு வழி என்பதை நாய்க்குப் புரியவைக்க வேண்டும்.

தொடக்கம் வீட்டிலேயே, இழுத்து விளையாடும் தடித்த துணிச்சுருளுடன் நடக்கும். நாய் நன்றாகக் கவ்வி இழுக்கும்போது, இயல்பான குரலில் ஒருமுறை ‘அவுஸ்’ என்று சொல்ல வேண்டும். ஒரு நொடி கழித்துத் துணியை இரு கைகளாலும் தொடையோடு அணைத்து, சிலைபோல நிற்க வேண்டும். இரை செத்துவிட்டது, இழுத்தும் பயனில்லை. சில நொடிகளிலோ அரை நிமிடத்திலோ நாயின் வாய் தளரும். விட்ட அதே கணத்தில் பாராட்டுச் சொல் ஒன்றைச் சொல்லி, துணியை உயிர்ப்புடன் அசைத்து மறுபடி கவ்வ விட வேண்டும்.

இதில் வரிசை மிக முக்கியம். முதலில் சொல், பிறகு அசைவின்மை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் நாய் அசைவின்மையை மட்டுமே கவனிக்கும். சொல் அதன் காதில் வெறும் ஓசை. சரியான வரிசையில் செய்தால், துணி நிற்பதற்கு முன்பே, சொல்லைக் கேட்டவுடன் நாய் விடத் தொடங்கும். பயிற்சி பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பத்து முறை விட்டால் ஒன்பது முறையாவது மறுபடி கவ்வக் கிடைக்க வேண்டும்.

தீனி காட்டி விடச் செய்வது குட்டிகளுக்குப் பொருந்தும். களத்தின் வெறியில் இருக்கும் நாய்க்கு இறைச்சித் துண்டு கண்ணிலேயே படாது. இரண்டு பந்துகளை மாற்றி மாற்றிக் காட்டும் முறையும் உண்டு. அதில் நாய் விடும்போதே கண்ணை அடுத்த பந்தின் பக்கம் திருப்பப் பழகிவிடுகிறது. போட்டியில் இரண்டாவது பந்து கிடையாது. நாய் கவனிக்க வேண்டியதும் எதிரில் நிற்கும் உதவியாளரைத்தான்.

வலியால் விடச் செய்தல்

முள் கழுத்துப்பட்டையை வெட்டி இழுத்து விடச் செய்வது பழைய வழக்கம். நாய் விடும், ஆனால் கவ்வல் கெடும். நடுவர் எதிர்பார்ப்பது வாய் நிறையக் கடைவாய்ப் பல் வரை கவ்விய, அமைதியான, உறுதியான பிடி. எப்போது வலி வருமோ என்று காத்திருக்கும் நாய் முன்பற்களால் மட்டும் பிடிக்கும், மென்றுகொண்டே இருக்கும், ஓரக்கண்ணால் கையாளுநரைப் பார்க்கும். விடுதலில் சேமித்த புள்ளியைக் கவ்வலில் இழப்பது நல்ல வணிகமாகத் தோன்றவில்லை. ஜெர்மனியில் மின்னதிர்வுக் கழுத்துப்பட்டையைப் பயிற்சியில் பயன்படுத்துவதற்கான தடையைக் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006-இல் உறுதிசெய்தது. 2022 முதல் முள் கழுத்துப்பட்டைக்கும் அங்கே தடை உள்ளது.

உதவியாளரிடம் கொண்டுசெல்லுதல்

வீட்டில் கற்றது களத்தில் தானாக வந்துவிடாது. துணிச்சுருளை முதலில் வேறொருவர் பிடிக்க வேண்டும், பிறகு கைக்கவசம், பிறகே உதவியாளரின் முழுத் தாக்குதல். ஒவ்வொரு படியிலும் நாய்க்கு நீண்ட வார் கட்டியிருக்க வேண்டும். கையாளுநர் முதலில் நாயின் அருகிலேயே நின்று கட்டளையிட்டு, பிறகு ஐந்து அடி, பத்து அடி, இருபது அடி என்று விலக வேண்டும். பக்கத்தில் நின்றால் விடும் நாய், தூரத்தில் நின்றால் விடாமல் இருப்பதே மிகப் பரவலான குறை. அவசரப்பட்டு விலகியதே அதற்குக் காரணம்.

உதவியாளரின் திறமையில்தான் பாதி வேலை இருக்கிறது. சொல் கேட்டதும் கவசக் கையை உடலோடு ஒட்டி நிறுத்த வேண்டும். அவருடைய தோள் சற்று அசைந்தாலும் நாய்க்கு இரை உயிர்பெற்றுவிடும். நாய் விட்டதும் அவர் மறுபடி தாக்கிக் கவ்வ இடம்தர வேண்டும். ஆனால் எப்போதும் உடனே அல்ல: சில முறை இரண்டு நொடியில், சில முறை பத்து நொடி கழித்து. இந்த ஒழுங்கற்ற காத்திருப்பே, விட்ட பிறகும் நாயை உதவியாளரை விட்டு விலகாமல், கண் இமைக்காமல் காவல் நிற்கச் செய்கிறது. நாய் பொறுமையிழந்து தானாகக் கவ்வினால் அவர் கல்லாக நின்றுவிட வேண்டும்.

பயிற்சியின்போது நாய் விடாமல் சிக்கிக்கொண்டால் தாடையைக் கையால் நெம்பித் திறக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. உதவியாளர் அசையாமல் நிற்க, கையாளுநர் நெருங்கிச் சென்று கழுத்துப்பட்டையை இரு கைகளாலும் பிடித்து, நாய் பின்னோக்கி இழுக்க முடியாதபடி நிலைநிறுத்திக் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட்டு, மறுநாள் ஒரு படி கீழே இறங்கித் தொடங்குவார்கள்.