மெழுகுக் கட்டியில் தொடங்கும் பல் மருத்துவம்

மன்னார்குடியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பல் மருத்துவராக விரும்பும் மாணவர் எழுத வேண்டியது, எம்.பி.பி.எஸ். படிப்புக்குரிய அதே நீட் தேர்வுதான். 180 வினாக்களும் 720 மதிப்பெண்ணும் கொண்ட அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும் இரு படிப்புகளுக்கும் பொதுவானவை ஆதலால், எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் பி.டி.எஸ். பக்கம் திரும்புவது வழக்கமாகிவிட்டது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. திருவாரூரில் 2010-இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டபோதிலும், அரசு பல் மருத்துவக் கல்லூரியை நாடும் டெல்டா மாணவர், 1980-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பின்னர் அரசு வசமான சிதம்பரம் கல்லூரிக்கோ, 2023-இல் திறக்கப்பட்ட புதுக்கோட்டைக் கல்லூரிக்கோ, 1953 முதல் இயங்கும் சென்னைக் கல்லூரிக்கோதான் செல்ல வேண்டும்.

இந்த வழி முழுவதிலும் மாணவரின் கைத்திறனை எவரும் சோதிப்பதில்லை என்பது கவனத்துக்குரியது. அமெரிக்காவில் பல் மருத்துவ நுழைவுத்தேர்வின் ஒரு பகுதியாகச் சாக்குக் கட்டியையும், கனடாவில் சோப்புக் கட்டியையும் செதுக்கும் தேர்வுகள் பல ஆண்டுகள் நடந்தன. பின்னர் அவை கைவிடப்பட்டன. வடிவங்களைக் கண்ணால் கணிக்கும் வினாக்கள் மட்டும் அங்கே இன்றும் நீடிக்கின்றன. இங்கோ அச்சோதனை சேர்க்கைக்குப் பின், முதலாண்டிலேயே, மெழுகின் வடிவில் வந்து சேர்கிறது.

உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகியவற்றோடு பல்லமைப்பியல் என்ற பாடமும் முதலாண்டில் உண்டு. அதன் செய்முறை வகுப்பில் மாணவர் செவ்வக மெழுகுக் கட்டியின் மீது அளவுகளைக் குறித்து, சிறு செதுக்குக் கத்தியால் ஒரு பல்லை உருவாக்க வேண்டும். மேல் நடு வெட்டுப்பல்லில், ஈறுக்கு வெளியே தெரியும் மகுடம் சராசரியாக 10.5 மில்லிமீட்டர், எலும்புக்குள் பதியும் வேர் 13 மில்லிமீட்டர். அதன் கடிவிளிம்பில் முகத்தின் நடுக்கோட்டை ஒட்டிய மூலை கூர்மையாகவும் மறுமூலை சற்று உருண்டும் இருக்கும்; இந்தச் சிறு வேறுபாட்டைத் தவறவிட்டால் வலப்பல் எது, இடப்பல் எது என்றே சொல்ல முடியாது. அதிகமாகச் சீவிய மெழுகு திரும்ப ஒட்டாது என்பதால், பலர் மீண்டும் புதுக் கட்டியில்தான் தொடங்குகிறார்கள்.

வெறும் பயிற்சிக்கான சடங்காக இதைக் கருதுவது பிழை. அடைத்த பல் பக்கத்துப் பல்லைச் சரியான இடத்தில் தொடாவிட்டால் இடுக்கில் உணவு சிக்கி ஈறு வீங்கும். அடைப்பு இம்மியளவு உயர்ந்தாலும் கடிக்கும்போதெல்லாம் வலிக்கும். உலோக உறையும் மெழுகிலிருந்தே பிறந்தது: மெழுகு உருவத்தைச் சுற்றி அச்சுக்கலவை ஊற்றி, மெழுகை எரித்து வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தைச் செலுத்தும் முறையை 1907-இல் அமெரிக்கரான டாகர்ட் பல் மருத்துவத்தில் அறிமுகப்படுத்தினார். சுவாமிமலை ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாகச் செப்புத்திருமேனி வார்ப்பதும் இதே தத்துவத்தில்தான்.

இரண்டாம் ஆண்டில், செயற்கைப் பற்கள் பொருத்திய பொம்மைத் தலையில் சொத்தையை அகற்றப் பழகுகிறார்கள். நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் துரப்பணத்தை, நேரே பார்க்க இயலாத மேல் கடைவாய்ப் பல்லில், சிறு கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் நம்பி நகர்த்த வேண்டும். பிம்பத்தில் முன்பின் மாறித் தெரிவதால் கை முதலில் எதிர்த்திசைக்கே போகும். பல்லின் வெளியுறையான எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுவதால், வெட்டிய எனாமல் மீண்டும் வளராது. பொம்மையில் இவ்வளவு பொறுமை கேட்கப்படுவது அதனால்தான்.

மூன்றாம் ஆண்டு முதல் நோயாளிகள். பல் பிடுங்குதல், அடைத்தல், பல்செட் செய்தல் என ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையை முடித்தாக வேண்டும் என்னும் ‘கோட்டா’, பாடப்புத்தகத்தைவிட அதிகக் கவலை தருவது. உரிய நோயாளி கிடைக்காமல் மாணவர்கள் திண்டாடுவது அரிதன்று. நான்காண்டுப் படிப்புக்குப் பின் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணி. அதை முடித்து மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தபின் சொந்தமாக மருத்துவமனை தொடங்கலாம், அல்லது மற்றொரு நீட் எழுதி மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்புக்குச் செல்லலாம்.