ஏற்காட்டுக்குக் கட்டுச்சோறு

காணும் பொங்கலன்று காலையில் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏற்காடு பேருந்துக்கு நிற்கும் கூட்டத்தில் சூட்கேஸ் வைத்திருப்பவர்கள் குறைவு. தூக்குச்சட்டி, ஒயர் கூடை, தண்ணீர் பாட்டில், சுருட்டிய ஜமுக்காளம். சாமான் அவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடும் குடும்பங்கள் இவை. ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்று ஊர் சொல்வதற்கு இந்தக் கூடைகளைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கணக்கு எளிது. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடு, சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர் சொச்சம். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் ஊர் வந்துவிடும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டிக்குப் போவதென்றால் ஆளுக்கொரு ஸ்வெட்டர், குறைந்தது ஒரு ராத்திரி அறை வாடகை, நான்கு வேளை ஓட்டல் சாப்பாடு என்று பட்டியல் நீளும். வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேறு. ஏற்காட்டுக்கு விடிந்ததும் ஏறி, பொழுது சாய இறங்கிவிடலாம். அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் இல்லை, 12 வயது வரை அரை டிக்கெட்.

ஏழைகளை நினைத்து உண்டான ஊர் அல்ல இது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன் பின்னால் தோட்ட முதலாளிகளும் பங்களாக்களும் வந்தன. 1853இல் ஹோலி டிரினிட்டி தேவாலயம், 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி. துரைமார் வெயிலுக்கு ஒதுங்கிய அதே மலையில்தான் இன்று கொலுசுப் பட்டறைக்காரரும் தறிக்காரரும் பிள்ளைகுட்டிகளோடு ஏரிக்கரையில் ஜமுக்காளம் விரிக்கிறார்கள்.

கையைக் கடிப்பது பேருந்துக் கட்டணம் அல்ல, தங்கும் அறை. அதிலும் மே மாதத்து அறை. அரசு நடத்தும் கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி எல்லாம் அந்த மாதத்தில்தான். பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் வாடகை ஏறுவதும், படகுக்கு வரிசை நீள்வதும், மலைச்சாலையில் வண்டிகள் ஊர்வதும் அப்போதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. வாடகையே எகிறி நிற்கும் நாளில் அந்த 7 சதவீதம் எந்த மூலைக்கு?

மே மாதத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் கிளியூர் அருவிக்கு ஏற்காடு ஏரியின் உபரி நீர்தான் ஆதாரம். ஏரி நிரம்பி வழிந்தால்தான் அருவி. கோடையில் போகிறவர்கள் பல வருடங்களில் காய்ந்த பாறையைப் படமெடுத்துத் திரும்புகிறார்கள். மழைக்குப் பின் போகிறவர்களுக்குத் தண்ணீரும் கிடைக்கும், கூட்டமும் இருக்காது. அருவிக்குச் செங்குத்தாக இறங்கி ஏற வேண்டும் என்பதால் முழங்கால் வலிக்காரர்கள் மேலேயே உட்கார்ந்துகொள்வது நல்லது.

அடுத்த செலவு சாப்பாடு. சேலத்துக்காரர்களுக்கு இதில் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் காவிரிக்கரைக்குச் சித்ரான்னம் கட்டிப்போய்ப் பழகியவர்கள். ஏற்காட்டுக் கூடையிலும் புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று அதே வரிசைதான். கூடவே ஊருக்கே உரிய ஒன்றும் ஏறும். ஒரு டப்பாவில் தட்டுவடை, இரண்டு சின்னப் பாட்டில்களில் காரச் சட்னியும் புதினாச் சட்னியும், ஒரு கிண்ணத்தில் துருவிய கேரட், பீட்ரூட். நான்கு மணிக்கு ஜமுக்காளத்தில் இவற்றைப் பரப்பி, ஒரு தட்டுவடையில் சட்னி தடவி, துருவலை வைத்து, இன்னொன்றால் மூடினால் தட்டுவடை செட் தயார். ஏரிக்கரைக் கடையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி கேட்டுப் பிள்ளைகள் அடம்பிடிக்கத்தான் செய்வார்கள். அதற்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைப்பதே வீட்டு அமைதிக்கு நல்லது.

பார்க்கும் இடங்களில் பெருஞ்செலவு வைப்பது படகும் வாடகை வண்டியும்தான். லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனையில் நின்று கீழே சேலம் விரிந்து கிடப்பதைப் பார்க்கப் பெரிதாக எதுவும் செலவாகாது. சரித்திரத்தில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு அழைத்துப் போகலாம். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஏற்காட்டில் குடியிருந்தவர். அவருடைய நினைவுக்கல் அங்கே இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தபின் போனால் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்து, சாலை வரை மணக்கும். அதற்கும் டிக்கெட் கிடையாது.

மலைமேல் வாழ்கிறவர்களின் பண்டிகைப் பயணம் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. தலைச்சோலை போன்ற ஏற்காட்டுக் கிராமங்களில் பெருவாரியாக இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பேர்தான் அப்படி, கேரளத்தோடு சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர்களுக்கு மே மாதம் என்றால் சேர்வராயன் கோயில் திருவிழா. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கும் அந்தக் கோயிலுக்குச் சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் திரளும். தீபாவளித் துணிமணிக்கு மட்டும் கீழே சேலம் கடைவீதிக்கு இறங்க வேண்டும். தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் செலவுக்குக் கைகொடுப்பது போனஸ். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீத போனஸ் உண்டு. ஆண்டில் 30 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். சின்னத் தோட்டத்துக் கூலிக்காரர்களுக்கு அந்தச் சட்டம் எட்டாது. சேலத்துக் குடும்பம் சிக்கனமாகச் சுற்றிப் பார்க்கும் மலையில், அதைவிடச் சிக்கனமாகப் பண்டிகை கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். வழியோரத்தில் மிளகும் கொய்யாவும் கூறுகட்டி விற்பவர்களிடம் பேரம் பேசுமுன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

போகிறவர்கள் பள்ளிக் காலாண்டு விடுமுறையில் ஒரு வார நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு மாநிலம் முழுக்கத் தடை என்பதால் வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும் கூடையில் இருக்கட்டும். வளைவுகளில் குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசாதீர்கள். ஏற்காட்டில் பேருந்தைவிட்டு இறங்கியதும் முதல் வேலையாகச் சேலத்துக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் அறை வாடகையிலிருந்து தப்ப முடியாது.