ஆடும் வயிறும் பாடும் வயிறும்

மேடையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அதன்மேல் 17 பேர் வரிசையாக நிற்கிறார்கள். வேலை 8 பேருக்குத்தான். 1975இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘எ கோரஸ் லைன்’ இசை நாடகத்தின் கதையே இந்தத் தேர்வுதான். நடன இயக்குநர் வேகமாக ஆடிக் காட்டுவார். “ஐந்து, ஆறு, ஏழு, எட்டு” என்று எண்ணுவார். அடுத்த நொடி அத்தனை பேரும் அதைத் திருப்பி ஆட வேண்டும். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் இன்றும் ஆள் எடுப்பது ஏறக்குறைய இப்படித்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் இசை நாடகப் பட்டம் படிக்கிற நல்ல குரல்காரர்கள் பலருக்கு வயிற்றைக் கலக்குவது இந்த நடனத் தேர்வு.

பாடுகிறவருக்கு எதற்கு ஆட்டம்? ஒரு காலத்தில் தேவைப்படவில்லை. 1943இல் வந்த ‘ஓக்லஹோமா!’ இசை நாடகத்தில் கதாநாயகி காணும் கனவு ஒரு நீண்ட பாலே. நடன இயக்குநர் ஆக்னஸ் டி மில் அமைத்தது. கனவு தொடங்கியதும் பாடி நடித்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள, நடனக் கலைஞர்கள் அவர்கள் இடத்துக்கு வந்து ஆடினார்கள். 1957இல் நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸின் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ அந்த ஏற்பாட்டை உடைத்தது. தெருச்சண்டை போடும் பையன்களே ஆடவும் வேண்டும், பாடவும் வேண்டும், வசனமும் பேச வேண்டும். வழக்கமான 4 வார ஒத்திகை போதாதென்று ராபின்ஸ் 8 வாரம் கேட்டு வாங்கினார். மூன்றும் தெரிந்த ஆளுக்குக் கிராக்கி கூடியது. 1960களின் இறுதியில் சின்சினாட்டி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதற்கென்றே பாடத்திட்டமும் வந்துவிட்டது.

படிப்பு 4 ஆண்டு. சேர்கிறவர்களில் மூன்று வயதிலிருந்தே ஆடுகிறவளும் இருப்பாள். பள்ளியில் பாடிக்கொண்டிருந்துவிட்டு 18 வயதில் முதன்முதலாகப் பாலே காலணி மாட்டுகிறவனும் இருப்பான். இருவரையும் ஒரே வகுப்பில் நிறுத்த முடியாது. முதலில் ஆடச்சொல்லிப் பார்த்து நிலை பிரிப்பார்கள். பாதங்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்பது பாலேயின் அரிச்சுவடி. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அவசரப்படுகிறவன் பாதத்தை மட்டும் திருப்புவான். முழங்கால் முறுக்கிக்கொண்டு வலிக்கும். அவனுக்குச் சற்று ஆறுதல் தருவது டாப். காலணியின் முனையிலும் குதிகாலிலும் உலோகத் தகடு பதித்து, தரையையே தாளக் கருவியாக்கும் ஆட்டம் அது. காது நன்றாக இருந்தால் கால் பின்னாலேயே வந்துவிடும்.

மூன்றாவது, ஜாஸ். தலை, தோள், விலா, இடுப்பு என்று ஒவ்வொன்றையும் மற்றவை அசையாமல் தனியே அசைக்கப் பழக்குவார்கள். இதில் நம் ஊர் வாசனை கொஞ்சம் உண்டு. பிராட்வேயின் ஜாஸ் நடனத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவரான ஜாக் கோல், பரதநாட்டிய நுட்பங்களைப் பயின்று அவற்றை ஸ்விங் இசையோடு சேர்த்தவர். மர்லின் மன்றோவை ஆட்டுவித்தவரும் அவர்தான். சின்சினாட்டியில் கழுத்தைத் தனியாக அசைக்கத் திண்டாடும் மாணவனுக்கு அந்த அசைவு எங்கெல்லாம் சுற்றி வந்தது என்று தெரிந்திருக்குமோ என்னவோ!

இதுவரை சொன்னதெல்லாம் உழைத்தால் வரும். உண்மையான சிக்கல் வயிற்றில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்கும். வயிறு முன்னே தள்ளும். “வயிற்றைத் தளர விடு” என்பார் குரல் ஆசிரியர். நடன ஆசிரியரோ “வயிற்றை உள்ளே இழு” என்பார், ஏனென்றால் நடுவுடல் இறுகாமல் சுழலவோ குதிக்கவோ முடியாது. ஒரே பிள்ளை, ஒரே நாள், ஒரே வயிறு. இருவர் சொல்வதும் சரி. இதற்கு வழி, மூச்சை விலாவின் பக்கவாட்டிலும் முதுகுப்புறமும் விரியவிடப் பழகுவது. அதிலும் முழு நிம்மதி இல்லை. ஆடினால் உடலில் கரியமில வாயு அதிகம் உருவாகும். உடல் அடிக்கடி மூச்சு கேட்கும். பாட்டுக்கு வேண்டியதோ சட்டென்று ஓர் இழுப்பு, பிறகு நீண்ட வெளிமூச்சு. எந்த எண்ணிக்கையில் கால், எந்த எண்ணிக்கையில் மூச்சு என்று இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே பாடிப் பழகுகிறவர்களும் உண்டு. பார்க்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சி ஆடிப் பாட வேண்டும்.

ஆகவே நடனத்துக்கு எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்கும் கால அட்டவணை எனக்குப் பாதி அட்டவணையாகவே படுகிறது. காலையில் பாலே, பிறகு நடிப்பு, இசை இலக்கணம், பொதுப் பாடங்கள், மாலையில் ஒத்திகை என்று நாள் நிரம்பி வழியும். அதில் இன்னொரு நடன வகுப்பைத் திணித்தால் கால்தான் சோரும். இருக்கிற வகுப்பிலேயே வாரம் ஒருநாள் பியானோக்காரரை உட்காரவைத்து, ஆடியது போதும், இனி பாடிக்கொண்டே ஆடு என்று சொல்லிப் பார்க்கலாம். முதல் நாள் எட்டாவது எண்ணிக்கைக்குள் பாதிப் பேருக்குக் குரல் வராது. எந்த இடத்தில் மூச்சு நின்றதோ, மறுநாள் பாடம் அங்கிருந்து.