உஷார்! தில்லியில் எவனாவது ‘பந்த் ஹை’ என்றால்...

வருகிற வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு எங்கள் கள்ளிக்குப்பம் தெருப் பையன்கள் இரண்டு பேர் சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறார்கள். தலைநகரைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்களாம். நேற்று டீக்கடையில் பிடித்து உட்காரவைத்து எச்சரித்தேன். “நாங்க ரெண்டு பேர் போறோம்ணா, எவன் ஏமாத்துவான்?” என்று சிரிக்கிறார்கள். இதே கடையில் இதே வசனத்தைப் பேசிவிட்டுத்தான் நானும் என் கூட்டாளியும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளம்பினோம். வயிற்றைக் கலக்குகிறது எனக்கு.

கூட்டாளி அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவன். செங்குன்றம் ரோட்டில் ஷேர் ஆட்டோக்காரர் 5 ரூபாய் கூடக் கேட்டால் இறங்கி நின்று நியாயம் பேசுவான். அப்பேர்ப்பட்டவனையே புதுதில்லி ஸ்டேஷன் வாசலில் பத்து நிமிஷத்தில் சாய்த்துவிட்டார்கள்.

இரண்டு ராத்திரி ரயிலில் கிடந்து, டிசம்பர் குளிரில், பஹார்கஞ்ச் பக்கம் வெளியே வந்தோம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒருவன் எதிரே வந்தான். முகத்தில் அவ்வளவு அக்கறை. எங்கே தங்கல் என்று கேட்டான். கரோல் பாக் என்றோம். “கரோல் பாக்? ராஸ்தா பந்த் ஹை!”

இந்தியில் ‘பந்த்’ என்றால் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். நம் காதில் அது எப்படி விழும்? கடையடைப்பு, கல்வீச்சு, பஸ் கண்ணாடி! குலை நடுங்கிப்போனது. லாட்ஜுக்கு நானே போன் போட்டுத் தருகிறேன் என்று தன் போனிலேயே நம்பரை அழுத்திக் காதில் வைத்தான். மறுமுனையில் ஒரு குரல், உங்கள் ரூம் கேன்சல் ஆகிவிட்டது என்றது. அந்தக் குரலும் அவன் ஆள்தான் என்று அப்போது எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆட்டோவில் ஏற்றி கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு மாடிக்குக் கொண்டுபோனான். அரசாங்க அலுவலகம் மாதிரியே போர்டு, சுவரில் பெரிய இந்தியா மேப். ரூம், கார், ஆக்ரா எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். கூட்டாளி ஜிபேயில் அனுப்பிவிட்டான்.

மத்தியானம் சாப்பிடும்போது சும்மா ஒரு உறுத்தலில் என் போனிலிருந்து லாட்ஜைக் கூப்பிட்டேன். “ரூம் ரெடியா இருக்கு, காலையிலிருந்து உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்” என்றார்கள்.

இதில் என்னை இன்றுவரை அறுப்பது பணம் இல்லை. நான் பேசாமல் இருந்தது கூட்டாளி விசாரித்திருப்பான் என்று. அவன் பணம் அனுப்பியது நான் தலையாட்டினேன் என்று. நான் தனியாகப் போயிருந்தால் பயத்திலாவது ஒருதரம் என் போனை எடுத்திருப்பேன். துணை இருக்கிறது என்ற தைரியத்தில் இரண்டு பேருமே எடுக்கவில்லை. இதைத்தான் பையன்களிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்: பேசுவது ஒருவன் என்றால் இன்னொருவன் வாயையே திறக்காமல் தள்ளி நின்று, தன் போனில் சரிபார்க்க வேண்டும்.

ரோடு மூடல், ரூம் கேன்சல், டிக்கெட் செல்லாது, கோட்டை லீவு. எத்தனை வேஷம் போட்டாலும் பொய் ஒன்றுதான்: நீ நினைத்து வந்தது இல்லை, என் பின்னால் வா. வெளிநாட்டுக்காரர்களிடம் காலங்காலமாக ஓடும் வித்தை இது. இந்தி தெரியாத நாமும் அவர்கள் கணக்கில் பாதி வெளிநாடுதான்.

ரோடு நிஜமாகவே மூடியிருந்தாலும் என்ன? மெட்ரோ ஓடுகிறதே. ஸ்டேஷனின் அஜ்மீரி கேட் பக்கம் போனால் மஞ்சள் லைன். ஒரே நிறுத்தத்தில் ராஜீவ் சௌக், அங்கே நீல லைனுக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் கரோல் பாக். யாரிடமும் வாயைத் திறக்க வேண்டாம். விசாரித்தே ஆகவேண்டுமா? மத்திய அரசின் சுற்றுலா அலுவலகம் ஜன்பத் 88-ஆம் எண்ணில் இருக்கிறது. எவனோ கூட்டிப்போகிற மாடியில் இல்லை. 1363 என்று ஒரு சுற்றுலா உதவி எண்ணும் உண்டு. 12 மொழிகளில் பேசுவார்கள். அரபி உண்டு, ஜப்பான் மொழி உண்டு, தமிழ் மட்டும் கிடையாது. இந்தியோ இங்கிலீஷோ தட்டுத்தடுமாறிப் பேசிக்கொள்ள வேண்டியதுதான்! பணம் பறிபோகும் நிலை, மிரட்டல் என்றால் நேரே 112.

கன்னாட் பிளேஸில் நடக்கும்போது ஷூவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தோ ஒரு துளி சாணி வந்து விழும். அடுத்த நொடியே பாலிஷ்காரர் ஒருவர் “ஐயோ சார்” என்று ஓடிவருவார். விழவைத்ததும் அவர்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? ஷாப்பிங் என்று எந்த டிரைவரும் இறக்கிவிடும் ‘எம்போரியம்’ வாசலில் இறங்காதீர்கள், அவருக்கு அங்கே கமிஷன். பாபா கரக் சிங் மார்க்கில் மாநில அரசுகளின் நிஜ எம்போரியங்கள் வரிசையாக இருக்கின்றன. நம்ம பூம்புகாரும் அங்கேதான்.

ஆனால் எனக்குப் பெரிய பயம் வேறு. சில நாள் அவன் சொல்வது உண்மையாகவே இருக்கும்! திங்கட்கிழமை செங்கோட்டை லீவு. தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாமே லீவு. வெள்ளிக்கிழமை தாஜ்மகால் லீவு. மூடிய கேட்டைப் பார்த்துத் திகைத்து நிற்பவனிடம், இன்று லீவு என்று உண்மையைச் சொல்லி ஆரம்பிப்பவன் அடுத்துச் சொல்லும் பொய்யை நாம் கேள்வி கேட்கவே மாட்டோம். திங்கட்கிழமை என்றால் குதுப் மினாருக்கோ ஹுமாயூன் சமாதிக்கோ போய்விடலாம், அவை எல்லா நாளும் திறந்திருக்கும்.

பையன்கள் போட்டுவைத்திருக்கும் பிளானை வாங்கிப் பார்த்தேன். ஞாயிறு காலை இறங்குகிறார்கள், அன்று இந்தியா கேட். திங்கள், செங்கோட்டை. வெள்ளி, ஆக்ரா. இதை யார் போட்டது என்று கேட்டேன். இவன் அவனைக் கை காட்டினான், அவன் இவனை.