இசைத்தட்டுக் கடை தந்த பாடம்

பெரிய முதல் இருந்தால்தான் பெரிய தொழில் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். காரைக்குடி ஏ.வி.மெய்யப்பன் தந்தையின் கடையில் இசைத்தட்டு விற்றவர். எந்தப் பாட்டைக் கேட்டு வருகிறார்கள் என்பது கல்லாவில் இருப்பவருக்கே தெரியும். பிறர் சரக்கை விற்பதோடு நிற்காமல், சென்னையில் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, தாமே இசைத்தட்டு வெளியிட்டார்.

1935இல் எடுத்த முதல் படம் ‘அல்லி அர்ஜுனா’ கையைக் கடித்தது. அவர் தொழிலை விடவில்லை. 1945இல் ஏவி.எம். பிறந்தது. 1949இல் வந்த ‘வாழ்க்கை’, பின்னர் தெலுங்கில் ‘ஜீவிதம்’, இந்தியில் ‘பஹார்’ ஆயிற்று. ஒரே கதை, மூன்று சந்தை!

மேலநீலிதநல்லூர் வணிக அன்பர்களே, கேட்ட பொருள் இல்லாமல் திரும்பும் வாடிக்கையாளர் எதைக் கேட்டார் என்று நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த கொள்முதல் அதிலிருந்து தொடங்கட்டும்.