வீட்டுக் கணனியை வேலைத்தலத்திலிருந்து திறக்கப் போய்....

2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்குக் காலை வேலை. ஒன்பதரை மணி இடைவேளையில் தேநீரும் கையுமாக இருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. சட்டத்தரணியின் அலுவலகம். என் மைத்துனரின் அகதி வழக்குக்குக் கொடுத்த கடதாசிகளில், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் டொச் மொழிபெயர்ப்பில் இரண்டாம் பக்கம் இல்லையாம். நீதிமன்றம் கொடுத்த தவணை அன்றோடு முடிகிறது. பின்னேரம் நான்கு மணிக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள்.

மைத்துனர் இருப்பது அகதிகள் விடுதியில், ஓர் அறையில் நான்கு பேர். அதனால் அவருடைய கடதாசிகள் எல்லாவற்றையும் நான்தான் ஸ்கான் செய்து எங்கள் வீட்டுக் கணனியில் வைத்திருந்தேன். மனைவி துப்புரவு வேலைக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில். வீடு 35 கிலோமீற்றர் தூரத்தில்.

எங்கள் தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் உதிரிப்பாகங்கள் வார்க்கிறோம். மைஸ்ரரின் அறைக்கு வெளியே ஒரு கணனி நிற்கிறது. எத்தனை பெட்டி நிரப்பினோம் என்று அதில்தான் பதிவோம். வீட்டுக் கணனியைத் தூரத்திலிருந்து திறக்கும் மென்பொருள் ஒன்றை மருமகன் முன்பே போட்டுத் தந்திருந்தான். அது நினைவுக்கு வரவே, ஓடிப்போய் அந்தக் கணனியில் அதன் இணையப் பக்கத்தைத் தட்டினேன். சிவப்பில் ஒரு பக்கம் வந்தது: இது நிறுவனத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. தடையைச் சுற்றிப் போக வழி தேடி, எவனோ ஒருவன் நடத்தும் இடைவழிப் பக்கம் ஒன்றைத் திறந்தேன். அதனூடாகப் போக முயன்றேன். அதுவும் சரிவரவில்லை. மணியடித்தது, இயந்திரத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை மைஸ்ரர் கூப்பிட்டார். அவருக்குப் பக்கத்தில் கணனிப் பிரிவு ஆள். அவர் கையில் ஒரு தாள். நான் என்ன தட்டினேன், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு என்று வரிவரியாக அதில் இருந்தது. தொழிலாளர் சபை, அதாவது பெட்றீப்ஸ்ராட்டிலிருந்து ஒரு துருக்கிக்காரர் எனக்குத் துணையாக வந்து இருந்தார். வெளியே வந்த பிறகு அவர் சொன்னது இது: "முதலாவது தரம் தட்டினது தெரியாமல் செய்தது. தடை என்று எழுதிக் காட்டின பிறகு சுற்றிப் போனாயே, அதுக்கு நான் என்ன சொல்லி வாதாடுறது?" எச்சரிக்கைக் கடிதம், டொச்சில் அப்மானுங், என் கோவையில் ஏறிவிட்டது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் எம்மவர்கள் இதைச் சிறிய விடயமாக நினைக்கக்கூடாது. வேலை நேரத்தில் இணையத்தைச் சொந்தத் தேவைக்கு அளவுமீறிப் பாவித்தால், வெளிப்படையான தடை இல்லாவிட்டாலும் அது உடனடிப் பணிநீக்கத்துக்குக் காரணமாகலாம் என்று ஜேர்மன் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் 2005 யூலை 7 ஆம் திகதி தீர்ப்பளித்திருக்கிறது. நம்முடைய குற்றத்தால் வேலை போனால் தொழில் அலுவலகம் 12 கிழமைகள் வரை பணத்தை நிறுத்தலாம். பணிநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போடுவதென்றால் கடிதம் கிடைத்து மூன்று கிழமைக்குள் போடவேண்டும். நிரந்தர வதிவிட அனுமதி கேட்கும்போது சொந்த உழைப்பில் வாழ்கிறோமா என்று பார்ப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஒரு பக்கம் கடதாசி பார்க்க விடமாட்டார்களா? பிறகு அந்தக் கணனிப் பிரிவு ஆளிடமே போய்க் கேட்டேன். நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார்.

பயர்வோல் என்பது தொழிற்சாலை வாசலில் இருக்கும் காவலாளி மாதிரி. ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் இலக்கமிட்ட கதவு உண்டு. சாதாரண இணையப் பக்கங்களுக்கு 80, 443. விண்டோஸ் கணனியைத் தூரத்திலிருந்து இயக்குவதற்கு 3389. அனேக நிறுவனங்கள் உள்ளேயிருந்து வெளியே போக 80, 443 போன்ற சில கதவுகளை மட்டும் திறந்து வைக்கும். வெளியிலிருந்து யாரும் தாமாக உள்ளே வரமுடியாது. ஆனால் ரீம்வியூவர் போன்ற மென்பொருட்கள் கெட்டித்தனமானவை. வீட்டுக் கணனியும் இங்குள்ள கணனியும் இரண்டுமே வெளியே போய் நடுவில் உள்ள ஒரு சேவைக் கணனியில் சந்தித்துக்கொள்ளும். மற்றக் கதவு பூட்டியிருந்தால் 443 ஆலும் போகும். அதனால்தான் காவலாளி கதவிலக்கத்தை மட்டும் பார்க்காமல், யார் எங்கே போகிறார் என்றும் பார்க்கிறான்.

"உன் வீட்டுக் கணனியில் கிருமி இருந்தால், நீ திறக்கும் வழியால் அது இங்கே வரும்" என்றார். 2017 மே மாதம் வன்னாகிறை என்ற கிருமி ஒரு கணனியிலிருந்து அடுத்ததற்குத் தானாகப் பரவியது. ஜேர்மன் புகையிரத நிலையங்களில் வண்டி நேரம் காட்டும் பலகைகளில் கப்பம் கேட்கும் அறிவித்தல் தெரிந்தது. பிரான்சின் ரெனோ கார் நிறுவனம் சில தொழிற்சாலைகளில் உற்பத்தியையே நிறுத்தியது. எங்கள் இயந்திரங்களும் கணனியில்தான் ஓடுகின்றன. அதைக் கேட்டபிறகு என் கோபம் பாதி தணிந்தது. மீதி இன்னும் இருக்கிறது, இடைவேளைக்கென்று தனியாக ஒரு கணனி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கடைசியாக அவர் கேட்ட கேள்விதான் என்னை வெட்கப்படுத்தியது. "உன் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியில் ஏன் செய்யவில்லை?"

உண்மைதான். கைத்தொலைபேசி தன்னுடைய சொந்த வலையமைப்பில் ஓடுகிறது. நிறுவனத்தின் வைபையில் இணைக்காதவரை நிறுவனத்தின் பயர்வோலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இடைவேளையில் வெளியே நின்று வீட்டுக் கணனியைத் திறந்தால் அது நானும் என் வீடும் சம்பந்தப்பட்ட விடயம். நான் இப்போது செய்வது அதைத்தான்.

வீட்டுப் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. விண்டோஸ் 'ஹோம்' பதிப்பில் தூரத்திலிருந்து வருபவரை ஏற்கும் விண்டோஸின் சொந்த வசதி கிடையாது, 'புரோ'வில்தான் உண்டு. யாராவது தெரிந்தவர் வந்து, "ரவுட்டரில் 3389 ஐத் திறந்துவிடுகிறேன், சுகம்" என்றால் விடாதீர்கள். திறந்திருக்கும் கதவைத் தேடி இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் கணனிகள் உலகம் முழுக்க உண்டு. கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தால் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். நம் அகதிக் கடதாசிகள், பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதற்குள்தான். அதோடு இங்கே பல கேபிள் இணைப்புகளில் வீட்டுக்கென்று தனியான பழைய வகை இணைய முகவரி கிடையாது. பலர் ஒன்றைப் பகிர்கிறார்கள். அப்படியானால் கதவைத் திறந்தும் பயனில்லை.

வீட்டில் பிரிட்ஸ்பொக்ஸ் ரவுட்டர் இருந்தால், 7.50 பதிப்பிலிருந்து அதில் வயர்கார்ட் என்ற பாதுகாப்பான வழி இருக்கிறது. திரையில் வரும் கட்டத்தைத் தொலைபேசியால் படம் பிடித்தால் போதும், தொலைபேசி வீட்டுக்குள் இருப்பதுபோல் ஆகிவிடும். இது சரிவராத வீடுகளுக்கு நடுவில் சந்திக்கும் மென்பொருட்கள் உண்டு. கெப்பிங்கனில் உள்ள ரீம்வியூவரும் ஸ்ருட்காட்டில் உள்ள எனிடெஸ்க்கும் இந்த நாட்டு நிறுவனங்கள்தான். நடுவில் இருப்பவரும் பிழைபடலாம். 2024 பெப்ரவரியில் எனிடெஸ்க் தன் கணனிகளுக்குள் அந்நியர் புகுந்ததாக அறிவித்து, கடவுச்சொல்லை மாற்றும்படி பாவனையாளரைக் கேட்டது. ஆகவே இரண்டாவது பூட்டு, அதாவது தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் முறை, கட்டாயம் வேண்டும்.

இதே மென்பொருளை வைத்துத்தான் ஏமாற்றும் நடக்கிறது. மைக்ரோசொவ்ற்றிலிருந்து பேசுகிறேன், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி இதைப் போடச் சொன்னால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். டொச் விளங்காதபடியால் தலையாட்டிக்கொண்டு இருக்கவேண்டாம்.

கணனி உறங்கினால் ஒன்றும் நடக்காது. அதற்காக நாள் முழுக்கப் போட்டு வைத்தால், 50 வாற் இழுக்கும் மேசைக்கணனி வருடத்துக்கு 438 அலகு தின்னும். அலகு 35 சதம் என்று வைத்தாலும் 153 யூரோ! பிரிட்ஸ்பொக்ஸில் உறங்கும் கணனியை எழுப்பும் வசதி உண்டு. கணனி கம்பியால் இணைக்கப்பட்டிருந்தால் நன்றாக வேலை செய்கிறது. மின்சாரச் சிட்டையைப் பார்த்து மனைவி கேட்ட கேள்விக்குப் பிறகுதான் இதைத் தேடிப் பிடித்தேன்.

அந்த இரண்டாம் பக்கம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றேகாலுக்கு மகள் பள்ளிக்கூடத்தால் வந்தாள். அலுமாரியின் மேல்தட்டில் பச்சைக் கோவையைப் பார் என்றேன். கதிரையில் ஏறி எடுத்து, மேசையில் விரித்துப் படம் பிடித்து அனுப்பினாள். "அப்பா, வெளிச்சம் காணுமோ?" என்று இரண்டாவது படமும் வந்தது. இரண்டரைக்கு முதல் அது சட்டத்தரணியிடம் போய்விட்டது.

கோவையில் ஏறிய கடிதம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லித் தொழிலாளர் சபைக்காரர் எழுதித் தந்ததை இந்த மாதம் கொடுக்க இருக்கிறேன். போன கிழமை இடைவேளையில் புகைக்கும் கொட்டகைக்குப் பின்னால் நின்று வீட்டுக் கணனியைத் திறந்து பார்த்தேன். வீட்டுப்பாடம் செய்வதாகச் சொன்ன மகள் திரையில் விளையாட்டை விட்டுவிட்டுப் போயிருந்தாள். மூடாமல் விட்டுவிட்டேன், நான் பார்த்தது அவளுக்குத் தெரியவேண்டாம் என்று.