பழைய வண்டியும் மலைப்பாதையும்

கள்ளக்குறிச்சி நகருக்கு மேற்கே, நீலநிறமாய் நெடுந்தொலைவு தோன்றும் மலைத்தொடர் கல்வராயன் மலையாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலை, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2000 அடி முதல் 3000 அடி வரை உயர்ந்து நிற்கின்றது. கள்ளக்குறிச்சி, 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. அம்மாவட்டத்து மலையூர்களுள் முதன்மையானது வெள்ளிமலை. கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணைப்பக்கமாகச் சென்று, வளைந்து வளைந்து மேலேறும் பாதை வழியே மக்கள் அங்குச் செல்கின்றனர். மரவள்ளிக் கிழங்கும், சாமையும், புளியும், கடுக்காயும் மலையினின்று கீழிறங்குகின்றன. அரிசியும், மருந்தும், பள்ளி நூல்களும் மேலேறுகின்றன. பேறுகாலத்துப் பெண்ணும், பாம்பு தீண்டியவனும் மருத்துவமனையை அடைவதும் இத்தகைய பாதைகளின் வழியாகவே. ஆதலின், இங்கே ஒரு வண்டி நடுவழியில் நின்றுவிடுதல் சிறு தொல்லை அன்று.

சமவெளியில் குறை தெரியாமல் ஓடும் பழைய வண்டி, மலையேறும்போது தன் நோய்களையெல்லாம் வெளிப்படுத்திவிடும். ஏற்றத்தில் எஞ்சின் மிகுதியாக உழைக்கின்றது. ஆனால் வண்டியோ மெதுவாகச் செல்கின்றது. மெதுவாகச் செல்வதால் எதிர்க்காற்றின் குளிர்ச்சி குறைகின்றது. உழைப்பு மிகுதி, குளிர்ச்சி குறைவு என்னும் இவ்விரண்டும் சேரும்போது, தேய்ந்த உறுப்பு எதுவோ அது முதலில் தளர்கின்றது. பொன்னுக்கு உரைகல் போலப் பழைய எஞ்சினுக்கு மலைப்பாதை.

எடுத்துக்காட்டாக, அம்பாசிடர் என்னும் காரைக் கொள்வோம். இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடியொற்றி, 1950களின் இறுதியில் வங்காளத்து உத்தரபாராவில் செய்யத் தொடங்கப்பட்ட இவ்வண்டி, 2014ஆம் ஆண்டு மே மாதம் வரை செய்யப்பட்டது. நெடுங்காலம் அதில் பொருத்தப்பெற்ற 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின், சாதாரணக் கருவிகளைக் கொண்டே பழுது பார்க்கத்தக்க எளிய அமைப்புடையது. நோயை அறியாமல் ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்ப்பவர்க்கோ அவ்வெளிய எஞ்சினும் பெருஞ்செலவு வைத்துவிடும். பிளக்கு மாற்றிப் பார்ப்போம், பம்பு மாற்றிப் பார்ப்போம் என்று தொடங்குவோர், வண்டியின் விலையையே உதிரிப்பொருள்களுக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு.

எஞ்சின் இயங்குவதற்கு வேண்டுவன மூன்றே. காற்றும் பெட்ரோலும் தக்க அளவில் கலந்து சிலிண்டருக்குள் செல்லுதல் வேண்டும். அக்கலவையைப் பிஸ்டன் நன்கு அழுத்துதல் வேண்டும். அழுத்தப்பட்ட நொடியில் பிளக்கின் முனையில் தீப்பொறி தோன்றுதல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் எஞ்சின் நின்றுவிடும். அன்றி, நொண்டி நொண்டி ஓடும். எரிதலால் உண்டாகும் வெப்பத்தை நீர் சுமந்து சென்று காற்றில் விடுதல் நான்காவது. நின்றுபோன வண்டியின்முன் நிற்பவர் முதலில் வினவ வேண்டியது, “எவ்வுறுப்பு கெட்டது?” என்பதன்று; “இவற்றுள் எது கிடைக்கவில்லை?” என்பதே.

சித்திரை மாதத்து நண்பகலில், வெள்ளிமலைக்குச் செல்லும் ஏற்றத்தில், பழைய அம்பாசிடர் ஒன்று இரண்டு முறை திணறிப் பின்னர் நின்றுவிட்டது எனக் கொள்வோம். அரைமணி நேரம் நிழலில் நின்றபின் அது தானாகவே இயங்குகின்றது. மறுபடி சிறிது தொலைவு சென்று மீண்டும் நிற்கின்றது. இதன் காரணம் யாது?

பெட்ரோல், தண்ணீரைப் போல ஒரே கொதிநிலை உடைய பொருளன்று. அது பல நீர்மங்களின் கலவை. அதன் இலேசான பகுதி ஏறத்தாழ 40 பாகை வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். எஞ்சினின் பக்கத்தில் பொருத்தப்பட்ட பெட்ரோல் பம்பு, ஏற்றத்தில் மிகவும் சூடேறுகின்றது. அதனுள்ளும் குழாயினுள்ளும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழியிடும். பம்பின் மெல்லிய தகடு நீர்மத்தைத் தள்ள வல்லதேயன்றி, ஆவியைத் தள்ள வல்லதன்று, ஆவி அமுங்கும், விரியும், முன்னே செல்லாது. கார்புரேட்டர் வறண்டுவிடும். இதற்கு வண்டியோட்டிகள் கண்ட மருந்து மிக எளியது: நனைத்த துணியொன்றைப் பம்பின்மேல் சுற்றுதல். ஈரம் உலரும்போது வெப்பத்தைக் கவர்கின்றது. மண்பானையில் நீர் குளிர்வதும் இம்முறையாலேயே. கோடையில் பழைய கார்களின் பம்புகளில் ஈரத்துணி கட்டியிருந்ததைக் கண்டு நகைத்தவர் பலர். ஆனால் அதைவிட மலிவான குளிர்கருவி வேறில்லை.

எனினும், அவசரப்பட்டு முடிவு கூறலாகாது. தீப்பொறிக்குரிய மின்சாரத்தைப் பெருக்கித் தரும் காயில் என்னும் சுருளும், பழமையடைந்தபின், சூடேறியதும் சோர்ந்து, ஆறியதும் உயிர்பெறும். அரைமணி ஓய்வு இரண்டு நோய்களையும் ஒன்றுபோலவே நீக்கிவிடுவதால், பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான். வேறுபாடறிய வழியுண்டு. வண்டி நின்ற உடனே, ஓய்வு கொடாமல், பம்பின்மேல் ஈரத்துணியை இட்டுக் குளிரச் செய்க. சிறிது நேரத்தில் இயங்கினால் குறை பெட்ரோலின்பாலது. இயங்காவிடின், ஒரு பிளக்கைக் கழற்றிக் கம்பியுடன் எஞ்சினின் உலோகத்தில் படுமாறு வைத்து, எஞ்சினைச் சுழலச் செய்து பார்க்க வேண்டும். நீலநிறப் பொறி பளிச்சென்று பாய்ந்தால் மின்சாரம் நலமாயுள்ளது. மங்கிய செந்நிறப் பொறி தோன்றினும், பொறியே தோன்றாவிடினும், காயிலையும் அதனைச் சார்ந்த கண்டென்சரையும் ஐயுறலாம். பெட்ரோல் மணம் வீசும் இடத்தில் இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது.

மூன்றாவது காரணமும் ஒன்றுண்டு. பெட்ரோல் தொட்டியின் மூடியில் காற்றுப் புகுவதற்கென ஒரு சிறுதுளை இருக்கும். அது தூசியால் அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறையத் தொட்டிக்குள் வெற்றிடம் மிகும்; பம்பு இழுத்தும் பெட்ரோல் வாராது. மூடியைத் திறந்தவுடன் ‘உஸ்’ என்று காற்று உட்புகும் ஓசை கேட்பின், நோய் அதுவே. ஓர் ஊசியால் அத்துளையைத் திறந்துவிட்டால் போதும். முதலில் செய்ய வேண்டிய சோதனையும் இதுவே. ஏனெனில், இதற்குக் காசு வேண்டுவதில்லை.

இன்று வேறொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். நம் நாட்டில் 2025ஆம் ஆண்டளவில், பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் என்னும் சாராயம் கலந்து விற்பது பெருவழக்காயிற்று. முற்காலத்து ரப்பர்க் குழாய்களும் பம்பின் சவ்வுத்தகடும் எத்தனாலைக் கருதிச் செய்யப்பட்டன அல்ல. அவை ஊறித் தளரவும், வெடிக்கவும் கூடும். ஒருசாண் குழாய் மலிவானது. அது கசிந்து சூடான எஞ்சினின்மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரிந்துவிடும். இங்கே சிக்கனம் பாராட்டுதல் அறியாமையாகும்.

இனி, நீர் கொதித்தல். மலையுச்சியை நெருங்கும்போது ரேடியேட்டரினின்று ஆவி பீறிட, “எஞ்சினே போயிற்று” என்று அஞ்சுவோர் உளர். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 3000 அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதிக்கும். இதனை ஈடுசெய்யவே ரேடியேட்டரின் மூடி, உள்ளே அழுத்தம் நிற்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. சதுர அங்குலத்திற்கு 7 இராத்தல் அழுத்தம் நிற்குமாயின், கொதிநிலை ஏறத்தாழ 12 பாகை உயரும். மூடியிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருப்பின் அவ்வழுத்தம் நில்லாது. ஆதலின், வண்டி கொதித்தால் முதலில் மாற்றத்தக்கது அச்சிறு மூடியே. அடுத்து விசிறிப் பட்டையின் தொய்வையும், ரேடியேட்டரின் முகத்தில் அப்பிய பூச்சிகளையும் மண்ணையும் பார்க்கவேண்டும். இவையெல்லாம் நலமாயிருந்தும், குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடனேயே ரேடியேட்டர் நீரில் குமிழிகள் ஓயாது எழுமாயின், சிலிண்டர்த் தலையின் அடியிலுள்ள கேஸ்கட் கிழிந்திருத்தல் கூடும். எண்ணெய் பால்கலந்த தேநீர்போல் தோன்றுவதும் அதன் அறிகுறியே. அது பட்டறைக்குரிய வேலை.

கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. கையால் தொடுமளவு ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். பின்னும், வறண்டு காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஒரேயடியாகக் கொட்டினால், வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

எஞ்சின் நிற்காமல், நான்கு கால்களுள் ஒன்று நொண்டும் மாட்டைப்போல் ஓடுவதுமுண்டு. இதனைப் பட்டறைக்காரர்கள் ‘மிஸ்ஸிங்’ என்பர். நான்கு சிலிண்டர்களுள் எது உழைக்கவில்லை என்பதை அறிதல் எளிது. எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி ஒதுக்கி, மீண்டும் இயக்கவேண்டும். ஓட்டம் முன்னிலும் கெட்டால் அச்சிலிண்டர் உழைத்து வந்தது என்பது பொருள். மாறுதல் ஏதுமில்லையாயின் சோம்பேறி அதுவே. இவ்வாறு நான்கையும் சோதித்தபின், குற்றமுள்ளதன் பிளக்கை நல்லதொன்றன் பிளக்குடன் இடம்மாற்றுக. நோயும் உடன் இடம்பெயர்ந்தால் பிளக்கே கெட்டது. பெயராவிடின் பிளக்கு வாங்குவது வீண்.

கழற்றிய பிளக்கின் நிறமும் கதை சொல்லும். இளம்பழுப்பு நலத்தைக் காட்டும். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அன்றிக் காற்றுவடிகட்டி அடைப்பு. எண்ணெய்ப் பசை கொண்ட கருமை, எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிவதைக் காட்டும். சுண்ணாம்பு போன்ற வெண்மை, பெட்ரோல் போதாமையையும் மிகு வெப்பத்தையும் காட்டும். புகையும் ஏறக்குறைய இவ்வாறே: கரும்புகை பெட்ரோல், நீலப்புகை எண்ணெய், இடைவிடா வெண்புகை நீர்.

பிளக்கும் பொறியும் நலமாயின் அழுத்தத்தைச் சோதிக்கவேண்டும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, காயிலின் கம்பியையும் நீக்கிவிட்டு, பிளக்குத் துளையைக் கட்டைவிரலால் அடைத்து எஞ்சினைச் சுழலச் செய்தால், நல்ல சிலிண்டர் விரலைத் தள்ளிவிடும். பழுதுற்றதோ மெல்ல ஊதும். அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மறுபடி சோதிக்க. அழுத்தம் மிகுமாயின், தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை எண்ணெய் அடைத்தது என்க. மிகாவிடின், வால்வு சரியாக மூடவில்லை. வால்வுக்கு மேலுள்ள இடைவெளி இவ்வகை எஞ்சினில் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இருத்தல் வேண்டும்; அது குறைந்து போனமையாலேயே வால்வு மூடாமலிருப்பதும் உண்டு. அளவுத்தகடு ஒன்றும், திருப்புளியும், சாவியும் கொண்டு அதனைச் சரிசெய்யலாம். அதைச் செய்யாது ஓட்டினால் வால்வு எரிந்து, பின்னர் எஞ்சினையே பிரிக்க நேரும். ஒரு கரண்டி எண்ணெய், பல ஆயிரம் ரூபாய்ச் செலவின் திசையை மாற்றிவிடுகின்றதன்றோ!

கழற்றுதற்கும் ஒரு முறையுண்டு. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு (1893–1974), இளமையில் உணவுவிடுதியில் பணியாற்றிப் பொருள் சேர்த்து, ஆங்கில அலுவலர் ஒருவரிடமிருந்து ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாங்கியதை ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், அதனை முற்றும் பிரித்து மீண்டும் பூட்டிப் பொறியியலைத் தாமே கற்றார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவரும் அவரே. பிரித்ததைப் பூட்டத் தெரிதலே பெரிது. அம்பாசிடரில் தீப்பொறி 1, 3, 4, 2 என்னும் முறையில் சிலிண்டர்களுக்குச் செல்கின்றது. கம்பிகளைக் குறியிடாமல் கழற்றி, முறைமாற்றிப் பூட்டிவிட்டு, இல்லாத நோயைத் தேடி ஒரு பகலைக் கழிப்பவர் பலர். துண்டுத்தாளில் எண் எழுதிக் கம்பியில் கட்டிவிட்டால் அத்தொல்லை இல்லை.

இக்காலத்துக் கார்களில் கார்புரேட்டர் இல்லை. கணிப்பொறியே பெட்ரோலை அளந்து விடுகின்றது. பழுது நேர்ந்தால் ஒரு குறியெண்ணையும் அது காட்டும். ஆனால், ‘இரண்டாம் சிலிண்டர் உழைக்கவில்லை’ என்று அவ்வெண் கூறுமேயன்றி, ஏன் என்று எப்போதும் கூறுவதில்லை. பொறிச்சுருளை இடம்மாற்றிப் பார்க்கும் பழைய சோதனை அங்கும் பயன்படுகின்றது.

வெள்ளிமலையை அடைந்த வண்டி கீழிறங்கவும் வேண்டும். இறக்கத்தில் எஞ்சின் நின்றாலும் உயிருக்கு இடரில்லாமல் நிறுத்த இயலும். பிரேக்கு நின்றுவிட்டால் இயலாது. எஞ்சினுக்கு உரைத்த சிக்கன முறைகளுள் ஒன்றும் பிரேக்குக்குப் பொருந்தாது. தேய்ந்த பட்டையையும் கசியும் குழாயையும் நூலால் கட்டி ஓட்டுவோர் சிலர் உளர். அவர்கள் வண்டியில் ஏறாதிருத்தலே நன்று. ஏறிய கியரிலேயே இறங்குவதும், பிரேக்கை ஓயாது மிதித்துச் சூடேற்றாமலிருப்பதும் மலையோட்டிகளின் வழக்கம். கச்சிராயபாளையத்தினின்று புறப்படுமுன், வண்டி நின்ற நிலையிலேயே பிரேக்கு மிதியை ஒருமுறை நன்கு அழுத்திப் பார்ப்பர். அது மெல்லமெல்லக் கீழே அமிழுமாயின், அன்று வண்டி மலையேறுவதில்லை.